கறைதிரை இல்லாதவளையா தேர்ந்துகொண்டார்?

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. விட்டுவிட்டதாக நினைத்த பாவத்தில் மறுபடியும் விழுந்துவிட்டேன். "கறைதிரையற்ற மணவாட்டிக்காகவே கிறிஸ்து வருகிறார்" என்று கேட்கும்போதெல்லாம் நடுங்குகிறேன். எட்டு மாதமாகத் திருவிருந்தில் சேரவில்லை. என்னை இன்னும் நேசிக்கிறாரா?

பதில்: நேசிக்கிறார், சகோதரி. உங்களை நடுங்க வைக்கும் அதே வசனம்தான் அதற்குச் சாட்சி. எபேசியர் 5:25-27ஐ எடுத்து வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். தமிழ் வாக்கிய அமைப்பில், கிறிஸ்து சபைக்காகத் தம்மைத்தாமே "ஒப்புக்கொடுத்தார்" என்பது கடைசியில் போய் நிற்பதால், முதலில் சுத்தம், பிறகுதான் ஒப்புக்கொடுத்தல் என்று தோன்றிவிடுகிறது. கிரேக்க மூலத்திலோ "அன்புகூர்ந்தார்" என்றதுமே "ஒப்புக்கொடுத்தார்" வந்துவிடுகிறது. பரிசுத்தமாக்குவதும் பிழையற்றவளாக நிறுத்துவதும் அதன் நோக்கம். கறையைக் கழுவுகிறவர் அவர். அந்த மூன்று வசனங்களில் மணவாட்டியாகிய சபை செய்ததாக ஒன்றுமே இல்லை.

ஓசியா 3ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். விபசாரத்தில் போனவளைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்துத் தீர்க்கதரிசி ஓசியா, தேவனுடைய அன்புக்கு அடையாளமாக, மீட்டுக்கொள்கிறார். அவள் திருந்திவிட்டாள் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அடுத்த வசனத்திலேயே, இனி வேறொருவனுக்கு உரியவளாகக் கூடாது என்கிறார். நிபந்தனையில்லா அன்பு என்றால் பாவம் அப்படியே இருக்கட்டும் என்பதல்ல.

திருவிருந்தை விட்டு விலகியதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 1 கொரிந்தியர் 11:28 "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்பதோடு நின்றுவிடவில்லை, "இந்த அப்பத்தில் புசித்து" என்று தொடர்கிறது. "அபாத்திரமாய்", அதாவது தகாத விதமாய்ப் புசிப்பது, என்று பவுல் கண்டித்ததும் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்த அந்தப் பந்தியைத்தான். மனமுடைந்து வருகிறவர்களை அல்ல. மணவாட்டி என்பது சபை. தனியே ஒதுங்கி நின்று சுத்தமாகிக்கொண்டு திரும்பலாம் என்றால் நடக்காது.

இன்றைக்கே ஜெபத்தில் அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கை செய்யுங்கள். "என் குறைகளை மன்னியும்" என்று பொதுவாகச் சொன்னால் மனது ஆறாது. பிறகு, வெளியே சொல்லாத முதிர்ந்த ஒரு சகோதரியிடம் பேசி, சேர்ந்து ஜெபியுங்கள் (யாக்கோபு 5:16). பாவத்துக்கு வழியாக இருக்கிற தொடர்பை அந்த வாரமே அறுத்துவிடுங்கள். யாருக்காவது நஷ்டம் வந்திருந்தால் ஈடுகட்டுங்கள். அடுத்த திருவிருந்துக்குப் போங்கள்.

மறுபடியும் இடறினால் அன்றிரவே அறிக்கை செய்துவிடுங்கள். எட்டு மாதம் ஆகவிடாதீர்கள்.