கஷ்ட காலத்தில் மனிதர்கள் ஏன் இவ்வளவு கொடூரமாகவும் சுயநலமாகவும் மாறுகிறார்கள்?

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் "பசி வந்தால் பத்தும் பறந்து போகும்" என்ற பழமொழியையே பதிலாகச் சொல்வார்கள். பசித்தவன் மானத்தை விடுவான், கேட்கக் கூடாதவரிடமும் கையேந்துவான் என்பது வரை அது சரிதான். ஆனால் நெருக்கடியில் நடக்கும் கொடுமைகளை எல்லாம் பசித்தவர்கள் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் சேலத்தின் வரலாற்றைப் பார்த்தாலும், நான் கண்ணால் கண்டதைப் பார்த்தாலும், பெருங்கொடுமை செய்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள். கையில் இருப்பது போய்விடுமோ என்று அஞ்சியவர்கள்.

தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லப்படும் 1876–78 பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய மாவட்டத்தில், 1871-இல் ஏறக்குறைய 19.7 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. மழை பொய்த்தது யாருடைய குற்றமும் அன்று. ஆனால் சேலத்துக்கு அப்போதே ரயில் வந்துவிட்டது; வெளியிலிருந்து தானியம் கொண்டுவர வழி இருந்தது. பஞ்சத்தின் நடுவிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பஞ்சத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர் அவர்தான். அதற்காகவே, அரசாங்கப் பணத்தை வாரி இறைத்தார் என்று மேலிடத்தில் ஏச்சும் வாங்கினார். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்த அதே மனிதர், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுவதும் உடலுழைப்பு. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர் இதை விடாமல் எதிர்த்தார். அதன் பிறகுதான் கூலி உயர்ந்தது. டெம்பிளுக்கு உயிர்களைக் காப்பாற்றத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாம் முறையும் ஏச்சு வாங்கக் கூடாது என்ற அச்சமே அவர் கையைக் கட்டியது என்று நான் நினைக்கிறேன். சுயநலத்தில் இதைவிடக் கொடிய வகையை நான் அறியேன்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல், சென்னையில் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்கள். அதன் பிறகு, அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கல்லெறியும் அளவுக்கு அவர்களை விரட்டியது பட்டினி அன்று.

அதே மாதங்களில் சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் தெருவில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த செவிலியரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா, வீட்ல பெரியவங்க இருக்காங்க" என்று பணிவாகத்தான் சொன்னார். லீ பஜார் சந்தையிலிருந்து வாங்கி அடுக்கிய அரிசி மூட்டைகள் அவர் வீட்டு நடையில் இருந்தன. எதிர்ச்சாரியில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வேலையின்றி, கூலியின்றிக் கிடந்தார்கள். அவர்களைப் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரேஷன் கடை வரிசையில் முண்டியடித்தார்கள், ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி வைதார்கள். ஆனால் அவர்கள் யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. துரத்துவதற்கு அவர்களிடம் சொந்த வீடு ஏது என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்வதும் அதைத்தான்.