அழகு சிகிச்சைக்குக் காப்புறுதி இல்லை, காசை எப்படிக் கட்டுவது?

தோல், முடி, பல் சிகிச்சைகளுக்கான பணம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள். கேட்டவர்களின் ஊர் மட்டும் போடப்பட்டுள்ளது.

கல்முனை: அக்கா, முகத்தில முடி வளருது. லேசர் ஒரு தரத்துக்கு 12,000 ரூபாய். எட்டுத் தரத்துக்கும் முன்னுக்கே கட்டினா 75,000 எண்டு சொல்றாங்க. கட்டலாமா?

பதில்: கணக்கைப் பாருங்கள் தங்கச்சி. தனித்தனியாக எட்டுத் தரம் 96,000, ஆகவே 21,000 கழிவு. ஆனால் ஆறு தரத்தோடு நிறுத்தினால் தனித்தனிக் கணக்கில் 72,000தான் வரும். கழிவு உண்மையில் ஏழாம் தரத்துக்குப் பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது. இடையில் தோல் கருகினாலோ, கிளினிக் மூடினாலோ, நீங்கள் ஊர் மாறினாலோ மிச்சக் காசு போய்விடும்.

முதல் தரத்தைத் தனியாகக் கட்டுங்கள். அதற்கு முன் காதோரம் சின்ன இடத்தில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த இயந்திரம் என்றும் கேளுங்கள். நமது மாநிறத் தோலுக்கு 1064 நானோமீற்றர் என்.டி.யாக் லேசர்தான் பாதுகாப்புக் கூடியது. ஐ.பி.எல். என்ற விளக்கை லேசர் என்று சொல்லி அடிக்கும் இடங்களும் உண்டு, கருந்தழும்பு அதிகம் வருவது அதில். வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே அழியும் என்பதால்தான் 4 முதல் 6 கிழமை இடைவெளியில் பல தரம் தேவைப்படுகிறது. நரைமுடிக்கு வேலை செய்யாது.

மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தால் லேசருக்கு முன் அரச வைத்தியசாலையில் ஹோர்மோன் பார்த்துக்கொள்ளுங்கள். பீ.சீ.ஓ.எஸ். என்ற ஹோர்மோன் கோளாறு இருந்தால் எட்டுத் தரத்துக்குப் பிறகும் முடி திரும்பும், வருடத்துக்கு ஓரிரு தரம் அடிக்க வேண்டிவரும். அந்தச் செலவை 75,000க்குள் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அக்கரைப்பற்று: எனக்கு 24 வயசு, முன் நெத்தி ஏறிட்டு. கொழும்பில முடி நடுற கிளினிக் ஒண்டு கடனட்டையில 12 மாசத் தவணை, வட்டி இல்லை எண்டு சொல்லுது. நல்ல டீலா?

பதில்: தவணையைப் பிறகு பார்ப்போம். 24 வயதில் உதிர்வு எங்கே நிற்கும் என்று தெரியாது. இப்போது முன்பக்கம் நட்டு, பிறகு அதன் பின்னால் இருப்பது உதிர்ந்தால் நடுவில் வெட்டை விழும். பின்தலையில் எடுக்கக்கூடிய முடியும் அளவானதே. தோல் வைத்தியரின் மேற்பார்வையில் ஒரு வருடம் மருந்து பாவித்து, உதிர்வு அடங்குகிறதா என்று பாருங்கள். நட்ட பிறகும் அந்த மருந்து தொடரும், அதுவும் மாதச் செலவு.

அதற்குப் பிறகும் செய்வதென்றால் விலையை 'கிராஃப்ட்' (வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து) கணக்கில் எழுதி வாங்குங்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும். "5,000 முடி" என்று சொல்லி 2,500க்கும் குறைந்த கிராஃப்ட் நடுவது பழைய வித்தை. நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் உதிரும், பயப்பட வேண்டாம். மூன்று, நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழுத் தோற்றம் வர ஒரு வருடம் பிடிக்கும். அதாவது கடைசித் தவணை கட்டும்போதுதான் என்ன கிடைத்தது என்று தெரியும்.

வட்டியில்லாத் தவணையில் வங்கியிடம் மூன்று விடயம் கேளுங்கள்: ஆரம்பத்தில் எடுக்கும் கட்டணம் எவ்வளவு, ஒரு மாதம் தவறினால் எந்த வட்டி வீதம், சிகிச்சையை ரத்துச் செய்தால் தவணையும் நிற்குமா. மூன்றாவதற்கு வழக்கமான பதில் "இல்லை" என்பதுதான்.

வாழைச்சேனை: பைனான்ஸ் கம்பனியில 120,000 எடுத்தா வருசத்துக்கு 18 வீதம்தானாம். அடகை விட நல்லமா?

பதில்: "பிளாட்" வட்டி என்றால் 18 அல்ல. ஒரு வருடத்தில் கட்டி முடிப்பதாக வைத்தால் வட்டி 21,600, மொத்தம் 141,600, மாதம் 11,800. நீங்கள் மாதாமாதம் முதலைக் குறைத்தாலும் வட்டி முழு 120,000க்கே போடப்படுகிறது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அது வருடம் 31, 32 வீதம்.

வங்கி அடகில் மீட்கும் நாள்வரைதான் வட்டி, முன்னதாகவும் மீட்கலாம். மீட்காவிட்டால் நகை ஏலத்தில் போகும். எதுவானாலும் ஒன்றைப் பாருங்கள்: சிகிச்சையின் பலன் முடியுமுன் கடன் முடிய வேண்டும். சுருக்கம் போக்கப் போடும் போடொக்ஸ் ஊசி 3, 4 மாதம்தான் நிற்கும். அதற்கு 12 மாதக் கடன் எடுத்தால், சுருக்கம் திரும்பிய பிறகும் எட்டு மாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆரையம்பதி: மகளுக்குப் பல்லுக் கம்பி போடக் காப்பை அடகு வைக்கவா?

பதில்: வேண்டாம் அம்மா. கம்பி சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருடம் போகும். தனியார் பல் வைத்தியர்கள் பெரும்பாலும் முற்பணம் எடுத்து, மிச்சத்தை ஒவ்வொரு வருகையிலும் வாங்குவார்கள். அதுவே வட்டியில்லாக் கடன். கம்பி கழற்றிய பின் போடும் ரிட்டெய்னரும், உடைந்த பிரக்கெட்டைத் திரும்ப ஒட்டுவதும் விலைக்குள் அடங்குமா என்று முதலே கேளுங்கள். ரிட்டெய்னரை ஒழுங்காகப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே போகும். தனியாரிடம் போகுமுன் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் பல் பிரிவில் விசாரியுங்கள்.

களுவாஞ்சிகுடி: மோட்டார் சைக்கிள் விபத்தில் கணவரின் மூக்கு வளைந்து, மூச்சும் அடைக்கிறது. அழகு சிகிச்சை என்று காப்புறுதி நிராகரித்துவிட்டது.

பதில்: உள்ளே தடுப்பு எலும்பை நேராக்குவது வேறு, வெளி வடிவத்தைத் திருத்துவது வேறு. காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் விபத்துத் திகதி, மூச்சடைப்பு, ஸ்கேன் முடிவு மூன்றும் எழுதிய கடிதம் எடுங்கள். செலவு மதிப்பீட்டையும் இரண்டாகப் பிரித்து வாங்கி, முதற்பகுதிக்கு மட்டும் எழுத்தில் முன் அனுமதி கேளுங்கள். ஒரே பற்றுச்சீட்டில் இரண்டும் கலந்திருந்தால் முழுவதையும் தள்ளிவிடுவது அவர்களுக்குச் சுலபம். தனியார் நிறுவனம் மீண்டும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

காத்தான்குடி: கலியாணத்துக்கு முன் வெள்ளையாக குளுட்டதயோன் ஊசி, தவணையில?

பதில்: காசாகவும் வேண்டாம், தவணையாகவும் வேண்டாம். நிறம் மாற்ற இந்த ஊசி பாதுகாப்பானது என்று நிரூபணம் இல்லை. பெயரில்லாத டப்பாவில் வரும் வெள்ளைக் கிறீமும் அப்படியே. பாதரசமோ ஸ்டீரொயிட்டோ இருந்தால் அதைத் திருத்தும் செலவு வேறு.

செங்கலடி: பிள்ளைக்குப் பிறவியிலேயே உதடு பிளவு. இதற்கும் காசு சேர்க்க வேண்டுமா?

பதில்: இல்லை. அது அழகு சிகிச்சையே அல்ல. அரச வைத்தியசாலையில் இலவசம். தீக்காயத் தழும்பு இறுகி கை கால் மடங்காமல் இருந்தாலும் அப்படித்தான்.

திருக்கோவில்: கட்டின காசைத் திருப்பித் தர மாட்டோம் எண்டு கிளினிக் சொல்லுது. யாரிட்ட போற?

பதில்: பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், வட்ஸ்அப் செய்திகள் எல்லாம் சேருங்கள். முதலில் கிளினிக்குக்குப் பதிவுத்தபாலில் கடிதம். பணப் பிரச்சினைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. தனியார் கிளினிக்கின் தரம் பற்றியென்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபை, வைத்தியரின் நடத்தை பற்றியென்றால் இலங்கை மருத்துவச் சபை. செய்தவர் வைத்தியரே இல்லை, சலூன் ஆள் ஊசி போட்டார் என்றால் பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். பற்றுச்சீட்டு தராத இடமென்றால் வங்கி மாற்றலின் பதிவு உதவும். கையில் காசாகக் கொடுத்திருந்தால் வட்ஸ்அப்பில் "இவ்வளவு கட்டினேன்" என்று எழுதி, அவர்களின் பதிலை எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.