டொலேடோ பேராயர்கள் வரிசை: கேள்வி பதில்

ஸ்பெயினின் டொலேடோ உயர்மறைமாவட்டத்தில் யாருக்குப் பின் யார் வந்தார், எப்படி வந்தார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பேராலயத்தின் மன்ற அறையில் புனித யூஜினின் படம்தான் முதலில் இருக்கிறது. புத்தகங்களோ மெலான்சியோதான் முதல் ஆயர் என்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

வரலாற்றுப் பட்டியல் என்றால் மெலான்சியோ. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த எல்விரா சங்கத்தில் (சங்கம் என்றால் ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவை) கையெழுத்திட்ட ஆயர்களில் அவர் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால் டொலேடோவுக்கு ஓர் ஆயர் இருந்தார் என்பதற்கு ஆவணம் கிடையாது.

முதல் நூற்றாண்டு யூஜின் கதை 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அருகிலுள்ள சான் தெனி மடத்திலிருந்து வந்து சேர்ந்தது. அங்கிருந்து அவருடைய கை எலும்பு 1156இலும் உடல் 1565இலும் டொலேடோவுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த அறையின் படங்களை ஹுவான் தெ போர்கோன்யா வரைந்தது 1509 முதல் 1511 வரை. அன்றைய நம்பிக்கைப்படி யூஜினை முதலில் வைத்தார். ஆகவே அந்தச் சுவர் 16ஆம் நூற்றாண்டு டொலேடோ தன் வரலாற்றை எப்படிப் பார்த்தது என்பதற்குச் சான்று. முதல் நூற்றாண்டுக்குச் சான்று ஆகாது. 7ஆம் நூற்றாண்டில் யூஜின் என்ற பெயரில் உண்மையாகவே இரண்டு ஆயர்கள் உண்டு (636–646, 646–657). மூவரையும் குழப்பிக்கொள்ளும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய.

கேள்வி: ஒரு ஆவணத்தில் ஆண்டு 1250 என்று போட்டிருக்கிறது. அதே நிகழ்வைப் புத்தகம் 1212 என்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அது ஸ்பானிய சகாப்தம். கி.மு. 38ஐ முதல் ஆண்டாக எண்ணும் கணக்கு என்பதால் 38ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும்: 1250 − 38 = 1212. டொலேடோ காஸ்டில் அரசர் அல்ஃபோன்சோ VI கையில் விழுந்த சகாப்தம் 1123 என்பது கி.பி. 1085. காஸ்டிலில் இந்தக் கணக்கு 1383இல் கைவிடப்பட்டது, அரகோனில் அதற்கு முன்பே 1350இல். எனவே 1383க்கு முந்தைய காஸ்டில் ஆவணம் என்றால் முதலில் அது எந்தக் கணக்கு என்று பாருங்கள். “ஏரா” என்ற சொல் இருந்தால் 38ஐக் கழியுங்கள். “ஆண்டவரின் ஆண்டு” என்று இருந்தால் கை வைக்காதீர்கள். ஏற்கெனவே கழித்த ஆண்டில் இன்னொரு முறை கழித்துவிடுகிறவர்களும் உண்டு.

இன்னும் இரண்டு கண்ணிகள். விசிகோத்திய எழுத்தில் (பழைய ஸ்பானியக் கையெழுத்து வகை) ஆயிரத்தை M என்று எழுதாமல் T என்று எழுதுவார்கள். X என்ற எழுத்தின் மேல்நுனியில் சிறு கொக்கி இருந்தால் அது 10 இல்லை, 40. கொக்கியைக் கவனிக்காமல் படித்தால் ஒரு பேராயர் 30 ஆண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார், அவருக்கு முன்னவர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே. பழைய பட்டியல்களில் இருவர் காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கொக்கியைத்தான்.

கேள்வி: 711இல் முஸ்லிம்கள் வந்தார்கள், 1085இல் கிறிஸ்தவர்கள் மீட்டார்கள். இடையில் 374 ஆண்டு ஆயரே இல்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அப்போதைய ஆயர் சிந்தெரெடோ மட்டும்தான் ஓடிப்போனார். 721இல் உரோமையில் நடந்த சங்கத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. டொலேடோவில் கிறிஸ்தவர்கள் தங்கினார்கள், ஆயர்களும் இருந்தார்கள். 8ஆம் நூற்றாண்டின் எலிபாந்தோ அவர்களில் பெரிய பெயர். கிறிஸ்து மனித இயல்பில் தத்து மகன் என்று அவர் போதித்ததை 794இல் ஃபிராங்க்ஃபர்ட் சங்கம் கண்டித்தது. சான் மிலான் மடத்தில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒரு சுவடியில் டொலேடோ ஆயர் பட்டியல் 956இல் இறந்த ஹுவான் வரை வருகிறது. அதற்குப் பிறகுதான் இருட்டு.

இதே காலத்தில் ஒரு சிக்கலான பெயர் கொர்டோபாவின் எவுலோகியோ. 858இல் விஸ்திரெமிரோ இறந்ததும் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயர் பட்டம் பெறுமுன்னே 859 மார்ச் 11இல் கொர்டோபாவில் தலை வெட்டப்பட்டார். “தேர்ந்தெடுக்கப்பட்டவர், திருநிலைப்படுத்தப்படாதவர்” என்று குறிப்பு போட்டு வரிசை எண் கொடுக்காமல் விடுவதே சரி.

கேள்வி: அண்ணா, பேராயரைத் தேர்ந்தெடுத்தது யார்? போப்பா, ராஜாவா?

காலத்துக்குக் காலம் மாறியது. இந்த மாற்றம் தெரியாமல் பட்டியலைப் படித்தால் பாதிதான் புரியும்.

முஸ்லிம்கள் வருமுன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் காலத்தில் அரசர் கை ஓங்கியிருந்தது. 681இல் 12ஆம் டொலேடோ சங்கம், அரசர் தேர்ந்தெடுத்தவரை எந்த மறைமாநிலத்துக்கும் திருநிலைப்படுத்தும் அதிகாரத்தை டொலேடோ ஆயருக்குக் கொடுத்தது. அரசர் பக்கம் சாயாதவர் கதி? 690இல் வந்த சிசெபெர்ட்டோ, எகிகா அரசருக்கு எதிரான சதியில் மாட்டி 693இல் பதவி நீக்கப்பட்டார். செவில்லாவிலிருந்து ஃபெலிக்ஸ் கொண்டுவரப்பட்டார்.

1085க்குப் பின் அல்ஃபோன்சோ VI சாகுன் மடாதிபதி பெர்னார்டோவைக் கொண்டுவந்தார். அவர் பிரெஞ்சுக்காரர், பிரான்சின் கிளூனி மடத்துத் துறவி. 1088 அக்டோபர் 15இல் திருத்தந்தை அர்பன் II அவருக்கு ஸ்பெயின் முழுவதற்கும் முதன்மைப் பேராயர் தகுதி கொடுத்தார். அதன் பிறகு சட்டப்படி பேராலயக் கானன்களின் (பேராலயப் பணிக்கென உள்ள குருக்களின்) மன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும், உரோமை உறுதிப்படுத்த வேண்டும். நடைமுறையில் அரசர் பெயரைச் சொல்வார், மன்றம் வாக்களிக்கும். இல்லையென்றால் அரசர் குடும்பத்துக்கே பீடம் போகும்: 1251இல் ஃபெர்னான்டோ III மகன் சான்சோ, 1266இல் அரகோனின் ஹைமே I மகன் இன்னொரு சான்சோ. 14ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையர் நேரடி நியமனத்தைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 1328இல் டொலேடோவின் ஹுவான் தெ அரகோனும் தாரகோனாவின் ஹிமெனோ தெ லூனாவும் இடம் மாறிக்கொண்டதில் மன்றத்துக்கு வேலையே இல்லை.

1523இல் ஆட்ரியன் VI, ஸ்பெயினின் எல்லா ஆயர் பீடங்களுக்கும் பெயர் முன்வைக்கும் உரிமையைக் கார்லோஸ் Vக்குக் கொடுத்தார். 1753 உடன்படிக்கை இந்த அரச புரவலர் உரிமையை மற்றப் பதவிகளுக்கும் விரித்தது. 1941இல் ஃபிராங்கோவுடன் செய்த ஒப்பந்தம் வேறு மாதிரி: திருத்தந்தையின் தூதரும் அரசும் பேசி குறைந்தது 6 பெயர் அனுப்புவார்கள், திருத்தந்தை 3 ஆக்குவார், அதில் ஒருவரை ஃபிராங்கோ 30 நாளுக்குள் முன்வைப்பார். 1976 ஜூலை 28 உடன்படிக்கையில் அரசர் ஹுவான் கார்லோஸ் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். இப்போது பெயர் அறிவிக்குமுன் அரசுக்குச் சொல்வார்கள். பொது அரசியல் ஆட்சேபணை இருந்தால் அரசு 15 நாளுக்குள் சொல்ல வேண்டும், பேசாமல் இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று பொருள். ராணுவத்துக்கான ஆயருக்கு மட்டும் அரசர் முன்வைப்பது தொடர்கிறது.

கேள்வி: 10 வயதுப் பையன் டொலேடோ பேராயர் ஆனார் என்று படித்தேன். நிஜமா சார்?

நிஜம், ஆனால் “பேராயர்” என்பதுதான் தவறு. ஃபிலிப் III மகன் ஃபெர்னான்டோ 1609இல் பிறந்தவர், 1619இல் கர்தினால், 1620இல் டொலேடோவின் நிர்வாகி. கடைசிவரை குருப்பட்டமே பெறவில்லை. 1634இல் நோர்ட்லிங்கனில் படை நடத்தி வென்றார். 1641இல் பிரஸ்ஸல்ஸில் இறந்தார். ஃபிலிப் V மகன் லூயிஸ் 1735இல் 8 வயதில் உலகியல் சொத்துகளின் நிர்வாகி ஆனார், 1754இல் விட்டுவிட்டார், பிறகு திருமணம் செய்துகொண்டார். அவர் மகன் லூயிஸ் மரியா தெ போர்போன் 1800 முதல் 1823 வரை டொலேடோ பேராயர். தந்தையும் மகனும் ஒரே பட்டியலில் வருவதற்கு விளக்கம் இதுதான். பிரமச்சரிய மீறல் எதுவும் இல்லை. 1595–98 காலத்து ஆல்பர்ட் இளவரசரும் குருப்பட்டம் பெறாதவர்தான், பதவி விலகி இசபெல் கிளாரா எவுஜேனியாவை மணந்தார்.

இப்படிப்பட்டவர்களுக்கு வரிசை எண் கொடுங்கள், ஏனெனில் பீடத்தின் வருமானமும் நிர்வாகமும் அவர்கள் பெயரில்தான் இருந்தன. ஆனால் “ஆயர் திருநிலைப்பாடு” என்ற கட்டத்தில் கோடு போடுங்கள். சிறுவன் பெயரில் இருந்தாலும் உறுதிப்பூசுதலும் குருப்பட்டமும் கொடுக்க வேறு ஆயர்கள் வேண்டுமல்லவா? 17, 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில் துணை ஆயர் பெயர் வந்தால் அவரைப் பேராயர் என்று எழுதிவிடாதீர்கள்.

இதில் எல்லாரையும்விட மோசம் என்று நான் கருதுவது கியோம் தெ குரோயா. 1517இல் ஏறத்தாழ 19 வயதில் நியமனம், 1521 ஜனவரியில் வோர்ம்ஸில் மரணம், டொலேடோவில் கால் வைத்ததே இல்லை. காஸ்டில் நகரங்கள் 1520இல் கிளர்ந்தபோது சொன்ன குறைகளில் வெளிநாட்டவருக்குப் பதவி கொடுப்பதும் ஒன்று.

கேள்வி: கர்ரான்சா சிறையில் இருந்தபோது பீடம் காலி என்று கணக்கிட வேண்டுமா?

கூடாது. பர்த்தோலோமே கர்ரான்சா 1558 பிப்ரவரி 27இல் பிரஸ்ஸல்ஸில் ஆயர் பட்டம் பெற்றார், 1559 ஆகஸ்ட் 22இல் டோர்ரெலகுனாவில் இன்குவிசிஷன் (சமயக் கொள்கைப் பிழைகளை விசாரிக்கும் மன்றம்) அவரைக் கைது செய்தது. வல்யதொலித், பிறகு உரோமை என்று ஏறத்தாழ 17 ஆண்டு காவல். 1576 ஏப்ரலில் தீர்ப்பு: 16 கூற்றுகளை மறுதலிக்க வேண்டும், 5 ஆண்டு பணி இடைநிறுத்தம். மே 2இல் இறந்தார். பதவி பறிக்கப்படவில்லை, ஆகவே 1576 வரை அவர்தான் பேராயர். அடுத்த பெயர் கிரோகா, 1577.

கேள்வி: அப்படியானால் உண்மையான காலியிருப்புகள் எவை? ஏன் அவ்வளவு நீளம்?

1399இல் பேராயர் தெனோரியோ இறந்து 1403 வரை: மேற்கத்திய பிளவு, எந்தத் திருத்தந்தைக்குக் கீழ்ப்படிவது என்ற சண்டை. 1709–1715: பேராயர் போர்ட்டோகர்ரேரோ இறந்த ஆண்டிலேயே திருத்தந்தை கிளமென்ட் XI, போட்டி அரசர் கார்லோஸை அங்கீகரித்தார், ஃபிலிப் V உரோமையுடன் உறவை முறித்தார். 1836–1847: பேராயர் இங்குவான்சோ இறந்தார், அரசி இசபெல் IIஐ உரோமை அங்கீகரிக்கவில்லை. 1931–1933: குடியரசு பேராயர் செகூராவை நாட்டைவிட்டு வெளியேற்றியது, செப்டம்பரில் அவர் விலகினார், கோமா 1933இல் வந்தார். அரசர் பெயரைச் சொல்ல வேண்டும், உரோமை உறுதிப்படுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருவரும் பேசாவிட்டால் பீடம் அப்படியேதான் கிடக்கும்.

கேள்வி: நம்ம மயிலாப்பூருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

ஒரு நேரடி இணைப்பு உண்டு. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரே அரசர். சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இல் திருத்தந்தை பால் Vஆல் நிறுவப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர் ஃபிலிப் III. டொலேடோவுக்கு ஸ்பானிய அரசராகவும், மயிலாப்பூருக்குப் போர்ச்சுகல் அரசராகப் பதுரவாதோ (போர்ச்சுகல் அரசரின் புரவலர்) உரிமையிலும் பெயர் முன்வைத்தவர் அவரே. 1640இல் போர்ச்சுகல் பிரிந்தது; ஸ்பெயினின் அழுத்தத்தால் உரோமை புதிய அரசரை 1660களின் இறுதிவரை அங்கீகரிக்கவில்லை, அவர் சொன்ன ஆயர்களை உறுதிப்படுத்தவும் இல்லை. போர்ச்சுகல் பீடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

கேள்வி: டொலேடோ பேராயர் என்றால் தானாகவே கர்தினாலா?

சட்டம் அப்படி இல்லை, வழக்கம்தான். 2009–2019இல் இருந்த பிராவ்லியோ ரொட்ரீகெஸ் கர்தினால் ஆகாமலேயே ஓய்வு பெற்றார்.

கேள்வி: இன்று ஒரு பேராயர் போய் அடுத்தவர் வருவது எப்படி? எந்தத் தேதியைப் பட்டியலில் போடுவது?

75 வயதானதும் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். திருத்தந்தை ஏற்கும் நாளில்தான் பதவி முடியும், கடிதம் கொடுத்த நாளில் இல்லை. திருத்தந்தையின் தூதர் இரகசியமாக விசாரித்து மூன்று பெயர் அனுப்புவார், உரோமையில் ஆயர்களுக்கான துறை ஆராயும், திருத்தந்தை நியமிப்பார். ஏற்கெனவே ஆயராக இருப்பவர் நியமன மடல் கிடைத்து 2 மாதத்துக்குள்ளும், ஆயர் பட்டம் பெறாதவர் 4 மாதத்துக்குள்ளும் பொறுப்பேற்க வேண்டும். மடலை ஆலோசகர் குழுவிடம் காட்டி, மறைமாவட்டச் செயலர் அதைப் பதிவு செய்தால்தான் பொறுப்பேற்பு செல்லும். பேராயர் இறந்துபோனால் ஆலோசகர் குழு 8 நாளுக்குள் ஒரு நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கும். அவர் 35 வயது நிறைந்த குருவாக இருக்க வேண்டும், புதிதாக எதையும் மாற்றக் கூடாது.

பட்டியலில் மூன்று தேதிக்கும் தனிக் கட்டம் வையுங்கள்: நியமனம், ஆயர் திருநிலைப்பாடு, பொறுப்பேற்பு. சிஸ்னெரோஸுக்கு 1495 பிப்ரவரி நியமனம், அக்டோபர் 11இல் தாராசோனாவில் திருநிலைப்பாடு. ஃபிரான்சிஸ்கோ செர்ரோ சாவெஸுக்கு 2019 டிசம்பர் 27 நியமனம், 2020 பிப்ரவரி 29 பொறுப்பேற்பு. இவரை ஒரு பட்டியல் 2019இலும் இன்னொன்று 2020இலும் போடுவதற்கு வேறு காரணம் இல்லை. ஒரே கட்டம்தான் வைப்பேன் என்றால் பொறுப்பேற்பை எடுங்கள், தலைப்பில் அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பெயர்க் குழப்பம் தீர வழி?

பெயருடன் தந்தை அல்லது குடும்பம், ஆண்டு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். சான்சோ இருவர்: காஸ்டில்காரர் 1261இல் இறந்தார், அரகோன்காரர் 1275இல் மார்த்தோஸ் அருகே போரில் இறந்தார். கொன்சாலோ பெரெஸ் இருவர், 1182–1191, 1280–1298. பின்னவருக்கு “குதியேல்” சேர்த்தே எழுதுவது நல்லது. லூனா குடும்பத்தில்தான் வழுக்கல் அதிகம்: ஹிமெனோ 1328–1338, பெத்ரோ 1403–1414. இந்தப் பெத்ரோ தெ லூனாவின் உறவினர், அதே பெயர் கொண்ட அவினியோன் திருத்தந்தை பெனடிக்ட் XIII. 1434–1442 காலத்து ஹுவான் தெ செரெசுவேலா, காஸ்டில் அரசவையில் செல்வாக்கு மிக்கவரான அல்வாரோ தெ லூனாவின் தாய்வழி உடன்பிறப்பு; பெயரில் லூனா இல்லாததால் உறவு கண்ணுக்குப் படாது.