அம்மா இறந்த பிறகு அவருடைய பொருட்களை எப்போது, எப்படிப் பிரிப்பது?

பதினாறாம் நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். துணிமணிக்கு அவசரமே இல்லை. உடனே தேட வேண்டியது சீட்டுகளையும் தாள்களையும்தான்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். அம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். பாசிக் காசு வந்தால் தோட்டை மீட்பார், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மறுபடி அடகு வைப்பார். எங்கள் கரையில் நிறைய வீடுகளில் இதே கதைதான். ஒரு சேலையையும் உதறிப் பார்க்காமல் கொடுக்காதே என்று சித்தி சொல்லியிருந்தார். ஒரு பழைய சுங்குடிச் சேலையின் மடிப்பில் அடகுச் சீட்டு இருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. கெடு தாண்டியிருந்தால் தோடு ஏலத்துக்குப் போயிருக்கும். சாமி படத்தின் பின்புறம், தலையணை உறை, அரிசிப் பானை எல்லாவற்றையும் பாருங்கள். மகளிர் குழுக் கடன் புத்தகம் கிடைத்தால் குழுத் தலைவியிடம் பாக்கி கேட்டு எழுதி வாங்குங்கள்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கில் நாமினி என்று பெயர் இருப்பவர் பணத்தை வாங்கலாம், ஆனால் அது அவருக்கே சொந்தமாகிவிடாது, மற்ற வாரிசுகளுக்கும் அதில் பங்கு உண்டு. இதை அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் இருக்கும்போதே பேசிவிடுங்கள். அம்மாவின் செல்போன் எண்ணையும் கணக்கு வேலைகள் முடியும்வரை ரீசார்ஜ் செய்து வையுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

அப்புறம், தொழில் சாமான்கள். அம்மாவின் நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமல் விரலில் சுற்றிக்கொள்ளும் துணிக்கீற்றுகள், பாசி அள்ளும் வலைப்பை எல்லாம் ஒரு வாளியில் கிடந்தன. கண்ணாடியின் வார் அறுந்த இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கத்தரித்துக் கட்டியிருந்தார். கூடவே பாசிக்குப் போன பக்கத்து வீட்டு மதினி அதைக் கேட்டார், கொடுத்தேன். இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார். எனக்கு அதில் பெரிய ஆறுதல். கூட வேலை பார்த்தவர்களிடம் முதலில் கேளுங்கள் என்பேன். ஒரு பொருளின் அருமை சொந்தக்காரர்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

சேலைகளைக் கொடுக்க மனம் வரவில்லையா, அப்படியே வையுங்கள். கடற்கரை ஊர் என்றால் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டாம், ஈரம் தங்கிப் புள்ளி விழும். பழைய வேட்டியில் சுற்றி, அவ்வப்போது நிழலில் காயப்போட்டு மடியுங்கள். யாராவது கேட்டால் வருஷத் திதி கழியட்டும் என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.