மூன்றடித் தொட்டியில் எந்தப் பிரானாவை வளர்க்கலாம்?

மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள மீன் தொட்டியில், தென் அமெரிக்க ஆறுகளின் கூர்ப்பல் மீன்களான பிரானாக்களில் செவ்வயிற்று இனத்தைச் சேர்ந்த நான்கைந்தை வளர்க்க முடியுமா, முடியாதென்றால் வேறு எந்த இனம் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் நீர் கொள்ளும். செவ்வயிற்றுப் பிரானாவுக்கு அது போதாது. கடைகளில் ரூபி ரெட் பிரானா என்று விற்கப்படும் செர்ரசால்மஸ் சான்செசி இனத்தில் ஒரே ஒரு மீனை அதில் நன்றாக வளர்க்கலாம். நான் வளர்ப்பதும் அந்த இனத்தைத்தான்.

செவ்வயிற்றுப் பிரானா, அதாவது பைகோசென்ட்ரஸ் நட்டெரெரி, விற்பனைக்கு வரும்போது மூன்று நான்கு சென்டிமீட்டர் குஞ்சாக இருந்தாலும், நல்ல உணவு கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 15 செ.மீ. அளவை எட்டி, பிறகு மெல்ல 25 செ.மீ.க்கும் மேல் வளரக்கூடியது. அளவை விட முக்கியமானது அதன் இயல்பு. இது கூட்டமாக வேட்டையாடுவதற்காகவே சேர்ந்து வாழ்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பிரேசிலின் மமிராவா காப்பகத்தில் எல்டர் கெய்ரோஸ், ஆன் மகுரன் ஆகியோர் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, எட்டு மீன்களாக இருந்தபோது அமைதியாக மூச்சுவிட்ட இவை, இரண்டிரண்டு மீன்களாக வைக்கப்பட்டபோது வேகமாக மூச்சுவிட்டு அஞ்சியதைக் காட்டியது. முதலை, ஓங்கில், நீர்க்காகம், பெரிய மீன்கள் எனப் பல எதிரிகளுக்கு இரையாகும் இந்த மீனுக்குக் கூட்டம் ஒரு பாதுகாப்பு. ஆகவே இடம் போதவில்லை என்பதற்காக ஒன்றை மட்டும் வாங்கி வைத்தால், அது மூலையில் ஒதுங்கி, ஆள் நடமாட்டத்துக்கெல்லாம் மிரண்டு கண்ணாடியில் மோதிக்கொள்ளும். சிறிய தொட்டியில் நான்கைந்தை அடைத்தாலோ, ஒன்றின் துடுப்பை மற்றொன்று கடித்து, இறுதியில் வலிமையானது மட்டுமே மிஞ்சும் நிலை வரலாம். ஒரினோகோ ஆற்றின் கரீபா பிரானாவும், சான் பிரான்சிஸ்கோ ஆற்றின் பிராயா பிரானாவும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

செர்ரசால்மஸ் பேரினத்தின் மீன்கள் பெரும்பாலும் வேறு வகையானவை. தொட்டியில் தனியாக வாழ்வது இவற்றுக்குக் குறையாகத் தெரிவதில்லை. தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீனைக்கூட அருகில் பொறுத்துக்கொள்ளாது. அவற்றுள் சான்செசி பெரு நாட்டின் அமேசான் பகுதி ஆறுகளிலிருந்து வருவது. சுமார் 15 செ.மீ. அளவோடு வளர்ச்சி நின்றுவிடும், வளர்வதும் மெதுவாகத்தான். தொண்டையிலும் வயிற்றிலும் படரும் சிவப்பும், வெளிச்சம் பட்டால் மின்னும் செதில்களும் இதற்குத் தனி அழகு. மீன் சிறியது, தொட்டி பெரியது என்று எண்ணி நியான் டெட்ரா போன்ற சிறு மீன்களையோ வேறொரு சான்செசியையோ உடன் விட்டுவிடாதீர்கள். மற்ற மீன்களின் துடுப்புகளையும் செதில்களையும் கொறித்துத் தின்பது இப்பேரினத்தின் இயல்பான உணவுமுறைகளில் ஒன்று.

வாங்கும்போது இரண்டு வகைகளில் ஏமாற்றம் நேரலாம். முதலாவது, செர்ரசால்மஸ் ராம்பியஸ் என்னும் கரும்பிரானாவின் குஞ்சு சான்செசியின் குஞ்சைப் போலவே இருப்பது. கரும்பிரானா 40 செ.மீ. வரை வளரும், அதன் கடியின் வலிமை 320 நியூட்டன் என்று 2012இல் வெளிவந்த ஆய்வில் அளக்கப்பட்டிருக்கிறது. உங்கள் தொட்டிக்கு அது சிறிதும் ஆகாது. எனவே மீன் எந்த நாட்டில் பிடிக்கப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். தொண்டையின் சிவப்பு தெளிவாகத் தெரியும் அளவுக்கு, ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்த மீனையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, பாக்கு மீனின் குஞ்சைப் பிரானா என்று விற்பது. இந்தியச் சந்தைகளில் ரூப்சந்த் என்ற பெயரில் உணவுக்காக விற்கப்படும் மீன்தான் அது; அதன் குஞ்சுக்கும் வயிறு சிவந்திருக்கும். வாயைக் கவனித்தால் வேறுபாடு தெரியும்: பிரானாவின் கீழ்த்தாடை முன்னே துருத்தியிருக்க, பற்கள் முக்கோண வடிவில் கூர்மையாக இருக்கும், பாக்குவின் பற்கள் கொட்டைகளை உடைப்பதற்கேற்ற மழுங்கிய கடைவாய்ப்பற்களை ஒத்திருக்கும். பாக்கு பல கிலோ எடைக்கு வளர்வதால் வீட்டுத் தொட்டி எதுவும் அதற்குப் போதாது.

வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். நான் வாழும் இங்கிலாந்தில் தனி உரிமம் தேவையில்லை; ஆனால் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களிலும் பிரானா வளர்ப்பதற்குத் தடை உண்டு. எக்காரணம் கொண்டும் குளத்திலோ ஆற்றிலோ விடக் கூடாது என்பது எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்.

தொட்டியின் அடியில் மெல்லிய மணலைப் பரப்பி, பெரிய மரவேர் ஒன்றை வைத்து, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டால் மீன் விரைவில் பழகிக்கொள்ளும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். இறைச்சி உண்ணும் மீன் என்பதால் கழிவு அதிகம். 190 லிட்டருக்குப் போதுமானது என்று பெட்டியில் எழுதியிருக்கும் ஃபில்டரை விட ஒரு படி பெரிய கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டி) பொருத்தி, வாரந்தோறும் கால் பங்கு நீரையாவது மாற்றுங்கள். ஹீட்டரை வெளியிலோ பாதுகாப்புக் கூட்டுக்குள்ளோ வைப்பது அவசியம், ஏனெனில் மின்கம்பியையும் இவை கடிப்பதுண்டு. வலையை நிமிடத்தில் கிழித்துவிடும் என்பதால், இடம் மாற்றும்போது கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவைப் பயன்படுத்துங்கள். பொதுவாக இது மனிதக் கையைக் கண்டால் ஒதுங்கும் மீன்தான். ஆயினும் சுத்தம் செய்யும்போது மீன் எங்கே நிற்கிறது என்பதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பசியோடிருக்கும் வேளையில் கையை விடவே கூடாது.

உணவாக ஓட்டோடு கூடிய இறால், கொழுப்புக் குறைந்த வெள்ளை மீன் துண்டுகள், மண்புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்த மீனுக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை போதும். மீதியை உடனே எடுத்துவிடுங்கள். உயிருள்ள தங்கமீன்களைப் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரையாகும் மீனுக்கு அது வீண் வதை என்பதோடு, தங்கமீனின் உடலில் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1ஐச் சிதைப்பதால், அதையே தொடர்ந்து உண்ணும் மீனும் நோய்ப்படும். தங்கமீன் கொண்டுவரும் ஒட்டுண்ணிகள் வேறு.

செவ்வயிற்றுப் பிரானாவின் கூட்டத்தைத்தான் பார்க்க விரும்புகிறீர்கள் என்றால், ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்டு சுமார் 680 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கு இடமும் பணமும் சேரும்வரை காத்திருங்கள். அதில் ஒரே அளவுள்ள ஆறு குஞ்சுகளை ஒரே நாளில் விட்டு வளர்க்கலாம்.