தனியாக அடித்தபோது சாகாத மீன், கலந்து அடித்ததும் ஏன் செத்தது?

கேள்வி: பினாங்கில் நிபோங் திபால் பக்கம் மிளகாயும் பயற்றங்காயும் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே கால் ஏக்கரில் திலாப்பியா குளம். லாம்டா சைஹலோத்ரினையும் புரோபிகோனசோலையும் ஒரே டாங்கியில், லேபிள் அளவுப்படிதான் கலந்து அடித்தேன். சாயங்காலம் பெருமழை. மறுநாள் மீன் மிதந்தது. முன்பு தனித்தனியாக அடித்தபோது ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: ஐயா, லேபிள் அளவு பயிருக்கானது, குளத்துக்கானது அல்ல. மீனுக்கு 96 மணி நேரத்தில் பாதி சாகும் செறிவைப் பார்ப்பார்கள். அதையும் பெரும்பாலும் மருந்து மருந்தாகத்தான்.

கலவைக்கு முதல் கணக்கு எளிது. நீரில் உள்ள ஒவ்வொரு மருந்தின் அளவையும் பாதி மீன் சாகும் அதனதன் செறிவால் வகுத்துக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 0.4, 0.3, வாய்க்காலில் ஏற்கெனவே வந்தது 0.4 என்றால் மொத்தம் 1.1. ஒன்றைத் தாண்டினால் பாதி மீன் போகும். ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளுக்கு இது ஓரளவு சரியாக வரும்.

உங்கள் ஜோடி அப்படி இல்லை. லாம்டா சைஹலோத்ரின் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. புரோபிகோனசோல் பூஞ்சைக்கொல்லி, அந்த அளவில் தனியாக மீனைக் கொல்வது அரிது. ஆனால் உடலில் நஞ்சை முறிக்கும் நொதிகளை இந்த வகை மருந்துகள் முடக்கிவிடும். பைரித்ராய்டு முறியாமல் தேங்கும். நீர்த்தெள்ளு என்ற சிறு நீர்வாழ் உயிரியில் செய்த சோதனைகளில் இது நன்றாகவே தெரிந்தது. கூட்டல் கணக்கு இங்கே ஆபத்தைக் குறைத்துத்தான் காட்டும்.

லாம்டா சைஹலோத்ரினோ சில மீன் இனங்களை லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவிலேயே கொல்லும். ஒரு மீட்டர் ஆழமுள்ள உங்கள் குளத்தில் சுமார் 10 லட்சம் லிட்டர் நீர். அதில் 1 கிராம் மூலமருந்து (புட்டியில் உள்ள கலவையில் நஞ்சாக வேலை செய்யும் பகுதி) கலந்தாலே அந்த 1 மைக்ரோகிராம் வந்துவிடும்!

ஆனாலும் உடனே மருந்தின் மேல் பழி போடாதீர்கள். பெருமழைக்குப் பின் ஆக்சிஜன் குறைந்தும் மீன் சாகும். அப்போது விடியற்காலையில் வாயைத் திறந்து மேலே வரும், பெரிய மீன்தான் முதலில் போகும். நீர்மேல் ஓடும் பூச்சிகள் காற்றைச் சுவாசிப்பவை. அவையும் இறாலும் சேர்ந்து செத்துக் கிடந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள்.

நீர் மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள், பிளாஸ்டிக்கில் பைரித்ராய்டு ஒட்டிக்கொள்ளும். ஐஸில் வைத்து அன்றே ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். மருந்து சீக்கிரமே சேற்றில் படிந்துவிடும் என்பதால் கொஞ்சம் சேறும் தனியாக எடுங்கள். புதுக் குஞ்சு விடுமுன் குளத்து நீரில் ஒரு வாளி, மருந்து படாத கிணற்று நீரில் ஒரு வாளி வைத்து, இரண்டுக்கும் காற்றுக் குழாய் போட்டு, பத்துப் பத்துக் குஞ்சு விட்டு நான்கு நாள் பாருங்கள். செத்த மீனை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வாத்துக்குக்கூட.