சீமை அகத்தியை வீட்டில் வளர்க்கலாமா? படர்தாமரைக்கு அதன் இலையை எப்படிப் போடுவது?

தாராளமாக வளர்க்கலாம், நாள் முழுக்க வெயில் விழும் இடம் இருந்தால். வண்டுகொல்லி என்று சொல்வதும் இதைத்தான். ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து பக்கவாட்டிலும் நன்றாகப் பரவும் என்பதால், தொட்டியை விடத் தரையே நல்லது. விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

பூக்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். நிமிர்ந்த மஞ்சள் கதிரில் பூக்கள் அடியிலிருந்து மேல்நோக்கி விரியும். நுனி மொட்டுகளை மட்டும் ஆரஞ்சு நிறச் செதில்கள் மூடியிருக்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொள்ளும். இந்த அழகுக்காகவே இதை வளர்க்கலாம் என்பேன். பூத்து முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுக்கிளை விட்டு மறுபடி பூக்கும். காய்களை முற்றவிடாமல் நறுக்கிவிடுங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியான இது, ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் களையாகவே பரவிவிட்டது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இலையைத் தின்னும், தின்னட்டும். மருந்துக்குப் பறிக்கிற இலையில் பூச்சிக்கொல்லி படவே கூடாது.

இனி படர்தாமரை. இலையில் உள்ள கிரைசோஃபானிக் அமிலம் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. பச்சை இலையைக் கழுவி, துளி தண்ணீர் விட்டு மையாக அரைத்து, வட்டத்தின் விளிம்பையும் தாண்டி ஒரு விரற்கடை அகலம் பூசுங்கள். பூஞ்சை வெளிப்பக்கமாகத்தான் பரவுகிறது, நடுவில் மட்டும் தடவிப் பயனில்லை. எலுமிச்சைச் சாறு விட்டு அரைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துப்போகும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, மறுநாள் வரை பார்த்துவிட்டுப் பூசுங்கள். அரிப்பு நின்றதும் விட்டுவிடுகிறோம், அதனால்தான் திரும்ப வருகிறது. தடம் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தொடருங்கள். துண்டு, உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேண்டாம். வயிற்றைப் பலமாகக் கலக்கிவிடும். கர்ப்பிணிகள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பும் ஆபத்து: சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பெருகும். தலையிலோ நகத்திலோ வந்திருந்தால் மேற்பூச்சு எட்டாது, மாத்திரைதான். அதற்குத் தோல் மருத்துவரிடமே போங்கள்.